வெறும் வயிறு என்பது எது?

மதுரையில் நான் மருந்தாளுநராக இருக்கும் கடைக்குத் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாதம் தவறாமல் வரும் அம்மா ஒருவருக்குத் தைராய்டு குறைபாடு. மாத்திரையை ஒரு நாளும் விடாமல் போட்டும், தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் என்ற ஹார்மோனின் அளவு இறங்காததால், மருத்துவர் 50 மைக்ரோகிராமை 75 ஆக உயர்த்தி எழுதியிருந்தார். சீட்டைப் பார்த்துவிட்டு, "வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வெறும் வயித்துலதான்ப்பா. விடிஞ்சதும் ஒரு டீத்தண்ணி, அதோட மாத்திரை. சாப்பாடு ஒம்போது மணிக்கு மேலதான்."

அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. எங்கள் பக்கத்தில் டீ சாப்பாட்டுக் கணக்கில் சேராது. இட்லியோ கஞ்சியோ உள்ளே போகும் வரை வயிறு வெறும் வயிறுதான். ஆனால் அவர் போடும் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையைத் தண்ணீரில் மட்டும் விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி, டீ, பால் எதையும் தொடாமல் இருந்தால்தான் மருந்து குடலில் முறையாக உறிஞ்சப்படும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் என்றால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இவ்வளவையும் "வெறும் வயிற்றில்" என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கி, மாதாமாதம் உறையின் மேல் எழுதிக் கொடுத்தது நான்தான். இந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லச் சொன்னேன். அவர் பழைய அளவையே தொடரச் செய்து, எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது டிஎஸ்எச் சரியாக இருந்தது.

"ஒரு ஸ்பூன்" என்பதும் இப்படித்தான். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது, 250 உள்ளதாகவும் வருகிறது. வீட்டுக் கரண்டியோ ஆளுக்கொரு அளவு. ஆகவே மில்லியைச் சொல்லி, அளவு மூடியில் கோடு போட்டே கொடுக்கிறேன்.

நான் மிகவும் அஞ்சுவது மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்குத்தான். முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே நாள் மட்டும் போட வேண்டிய அதைத் தினமும் போட்டால், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். சென்ற மாதம் பெரியவர் ஒருவரிடம் "வாரம் ஒன்று" என்று சொல்லிக் கொடுத்த பிறகு, "எப்படிப் போடுவீங்கய்யா, ஒரு தடவை சொல்லுங்க" என்றேன். "ஒரு வாரத்துக்குத் தினம் ஒண்ணு" என்றார். உறையைத் திரும்ப வாங்கி, "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, அவர் வாயாலேயே படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அனுப்பினேன்.