மெடல்: பதக்கமா, மாராயமா?

யாழ்ப்பாணத்தில் பதக்கம் என்றால் அம்மம்மாமாருக்கு நினைவு வருவது பதக்கஞ்சங்கிலிதான், கலியாண வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும் கல்லு வைத்த நகை. அதே சொல்லைத்தான் மெடலுக்கும் வைத்திருக்கிறோம். பிழையில்லை, இரண்டும் நெஞ்சில் தொங்குபவைதானே. பதக்கம் வடமொழிப் 'பதக'த்திலிருந்து வந்தது. மெடல் இத்தாலிய 'மெதால்யா' வழியாக வந்தது, அதற்கும் மூலம் லத்தீனில் உலோகத்தைக் குறிக்கும் 'மெட்டாலும்'. ஆக ஒன்று நகை, மற்றது உலோகத் துண்டு. வீரம் இரண்டிலும் இல்லை.

1999 கார்கில் போரில் இந்தியப் படைவீரர் யோகேந்திர சிங் யாதவுக்கு வயது 19. டைகர் ஹில்லின் செங்குத்துப் பாறையில் ஏறும்போதே குண்டுகள் பாய்ந்தன, அப்படியும் மேலே போய் எதிரியின் பதுங்குகுழியைக் கைக்குண்டால் தகர்த்தார். போர்க்களத்து வீரத்துக்கு இந்தியா கொடுப்பதில் மிக உயர்ந்த பரம் வீர் சக்ராவைக் கொடுத்தார்கள், அதுவும் முதலில் இறந்துபோனவர் என்றே அறிவித்துவிட்டார்கள், ஆள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்! அந்த வெண்கல வட்டத்தைப் பதக்கம் என்னலாம். ஆனால் ஓர் அரசு இந்தப் பொடியனை அழைத்துச் செய்த சிறப்புக்கு என்ன பெயர்? விருது என்பீர்கள். அதுவும் வடமொழி 'பிருத'தான், போதாக்குறைக்கு இன்று சினிமாவுக்கும் சமையல் போட்டிக்கும் அதே சொல்.

தொல்காப்பியத்தில், பகைநாட்டின் மேல் படையெடுப்பதைப் பாடும் வஞ்சித்திணையின் துறைகளில் (உட்பிரிவுகளில்) ஒன்று 'மாராயம் பெற்ற நெடுமொழி'. போரில் திறம் காட்டியவனுக்கு வேந்தன் செய்யும் சிறப்பே மாராயம், நெடுமொழி அதைப் பெற்றவனின் பெருமிதப் பேச்சு. இந்தத் துறை வரும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இல் அச்சேற்றியவர் எங்கள் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை, ஆனாலும் சொல் ஏட்டோடு நின்றுவிட்டது. ஏனாதிப் பட்டமும் மாராயத்தில் ஒரு வகை, அதோடு மோதிரமும் கொடுப்பார்கள். ஏனாதிநாத நாயனார் குருபூசைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது படைத்தலைவனின் பட்டம் என்று தெரியும்?

மாராயத்துக்குள்ளும் 'ராயன்' ஒலிக்கிறதே, இதுவும் வடக்கு வாடைதானே என்று கேட்கலாம். சரி, இருக்கட்டும். தொல்காப்பியத்திலேயே குடியேறிய சொல்லை இனி யார் எழுப்புவது?

நெஞ்சில் குத்துவது பதக்கம், பெற்ற சிறப்பு மாராயம் என்று பிரித்து எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பிள்ளை வாங்கி வரும் மெடலுக்குப் பதக்கமே காணும், அதையும் மாராயம் என்றால் பிள்ளையே சிரிக்கும்.