பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்க்காதீர்கள்

துபாயில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவர், சென்னையில் மதுரை விமானத்தைத் தவறவிட்டு, புதுச் சீட்டுக்கு மீண்டும் பணம் கட்டிய பிறகு என் அலுவலகத்துக்கு வந்தார். இதே கதையுடன் இந்த ஆண்டு வந்தவர்களில் இவர் நான்காமவர். விமானச் சீட்டு எடுத்துக் கொடுப்பதே தொழிலாகக் கொண்டவன் இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

போகும்போது காலை 9.50 மணிக்குச் சென்னையில் கிளம்பி 12.40 மணிக்குத் துபாயில் இறங்கியவர், பயணம் மூன்று மணி நேரம்கூட இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். மகனோ, தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்துப் பார்த்து, அப்பா சொல்வது கிட்டத்தட்டச் சரிதான் என்றிருக்கிறார். இரண்டு தவறான கணக்குகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதுதான் வேடிக்கை. இரவு 10.45 மணிக்குத் துபாயில் புறப்பட்டால் பின்னிரவு ஒன்றரை மணிவாக்கில் சென்னை வந்துவிடலாம் என்று நம்பி, சலுகை விலையில் கிடைத்த காலை 5.30 மணி மதுரைச் சீட்டைத் தனியாக வாங்கிவிட்டார்கள். விமானம் தாமதமே இல்லாமல் 4.15 மணிக்கு வந்தது. குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்கு வருவதற்குள் செக்-இன் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், துபாய் நேரம் 12.40 என்பது நமக்குப் பிற்பகல் 2.10, ஆகவே போகும் பயணம் 4 மணி 20 நிமிடம். சிங்கப்பூரும் சென்னையிலிருந்து ஏறத்தாழ அதே 2,900 கிலோமீட்டர்தான். ஆனால், அது இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அதே காலை 9.50 மணிக்குக் கிளம்புகிறவர் மாலை ஐந்து மணியை ஒட்டி இறங்குவார்; ஏழு மணி நேரம் பறக்கும் மெதுவான விமானத்தை நான் தலையில் கட்டிவிட்டதாக என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. இரண்டுமே நாலேகால், நாலரை மணி நேரப் பயணங்கள்தான்.

தூரத்தை வேகத்தால் வகுப்பதும் உதவாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்ததே பயண நேரம். அந்த மொத்த நேரம் சீட்டிலேயே தனியாக அச்சாகியிருக்கும். அதை மட்டும் பாருங்கள்.

இணைப்பு விமானம் வேண்டுமென்றால் ஒரே பி.என்.ஆர். எண்ணில் வாங்குங்கள். தனித்தனிச் சீட்டுகளில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாம் நிறுவனம் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. தனியாகத்தான் வாங்குவீர்கள் என்றால், இடையில் குறைந்தது ஐந்து மணி நேரமாவது விடுங்கள். வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்குச் சீட்டு எடுக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: 15ஆம் தேதி 00.40 என்று சீட்டில் இருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தொலைபேசியில் அழைத்துத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.