ஓ-ரூ சென்சர், லம்டா சென்சர், ஒட்சிசன் உணரி

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் இதன் முழுப்பெயரைக் கேட்பது அரிது. எஞ்சின் லைட் எரிந்தபடி வரும் காரில் ஸ்கானரைச் செருகிப் பார்த்துவிட்டு, “ஓ-ரூ சென்சர் போட்டுது அண்ணை” என்பார்கள். ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் லம்டா சென்சர் என்பார்கள். நல்ல தமிழில் எழுதுவதானால் ஒட்சிசன் உணரி. மூன்றும் ஒன்றுதான்: எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயில் திருகியிருந்து, புகையில் மிஞ்சிய ஒட்சிசனை உணரும் விரல் நீளச் சாமான்.

ஒட்சிசன் என்ற சொல்லின் வேர் கிரேக்கம். ஒக்சிஸ் என்றால் புளிப்பு; பின்பாதிக்கு ‘பிறப்பிப்பது’ என்று பொருள். பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியே 1777இல் சூட்டிய பெயர் இது. அமிலம் எல்லாம் இந்த வாயுவால்தான் உண்டாகிறது என்று அவர் நினைத்தார். அது பிழை, ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசன் துளியும் கிடையாது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முன் அந்த வாயுவுக்கு ‘உயிர்க்காற்று’ என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது; நம் உயிர்வளியும் பிராணவாயுவும் அந்தப் பொருளுக்கு நெருக்கமானவை. உயிர்வளி அழகான சொல்தான். என்றாலும் புகைக்குழாய்க்குள் எரிந்து மிஞ்சியதை உயிர்வளி என்று எழுத எனக்குக் கை வராது. ஒட்சைட்டு, காபனீரொட்சைட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களோடும் ஒட்சிசன்தான் ஒட்டும்.

சென்சர் என்பது ‘உணர்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கடத்துவது கடத்தி, ஊக்குவது ஊக்கி என்பதுபோல உணர்வது உணரி. இதை மானி என்று எழுதுவது பொருந்தாது. வெப்பமானி அளவைச் சொல்லும். இது அளவு சொல்லாது. வண்டியைச் சோதிக்கும்போது இந்த வேறுபாடு உண்மையாகவே உதவும்.

நுனியில் இருப்பது சிர்க்கோனியம் ஒட்சைட்டால் ஆன பீங்கான், இருபுறமும் பிளாற்றினப் பூச்சு. ஒரு புறத்தில் புகை படும், மறுபுறத்தில் வெளிக்காற்று. சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியதும், இரு பக்க ஒட்சிசனுக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிவரும். பெற்றோல் கூடிய செறிந்த கலவை என்றால் 0.9 வோல்ற் வரை, வளி கூடிய ஐதான கலவை என்றால் 0.1 வோல்ற் அளவில். ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில் 14.7 பங்கு வளி என்பது நடுக்கோடு. அந்தக் கோட்டில்தான் வோல்ற் சட்டென்று தாவும். கிடைத்த வளியை வேண்டிய வளியால் வகுத்து வரும் எண்ணைக் கிரேக்க எழுத்து லம்டாவால் குறிப்பார்கள், நடுக்கோட்டில் அது 1. லம்டா சென்சர் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. பொஷ் நிறுவனம் செய்த இந்த உணரி 1976இல் அமெரிக்காவுக்குப் போன வொல்வோ கார்களில் முதலில் பூட்டப்பட்டது. சிர்க்கோனியத்தை 1789இல் கிளாப்ரோத் கண்டறிந்தது இலங்கையிலிருந்து போன ஒரு சிர்க்கன் கல்லில் என்பது நமக்குக் கொஞ்சம் பெருமை.

யாழ்ப்பாணத்துக்கு இந்தச் சொல் பிந்தித்தான் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40 கார்களுக்கும் மொரிஸ் மைனர்களுக்கும் காபரேற்றர்தான், உணரி ஏது? ஏ-9 வீதி திறந்து ஜப்பான் கார்கள் நிறைந்த பிறகே இது கராஜ் பேச்சில் ஏறியது.

சரி, சோதனை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் பிடித்துக்கொண்டு, சிக்னல் வயரில் டிஜிற்றல் மல்ரிமீற்றரை வைக்க வேண்டும். எண் 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்கினால் உணரி வேலை செய்கிறது. 0.45க்குக் கிட்ட அசையாமல் நின்றால் சந்தேகப்படலாம். எப்போதும் தாழ்வாகவே நின்றால் உடனே கழற்ற வேண்டாம்: குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் அப்படித்தான் காட்டும், உணரி பார்த்ததைத்தான் சொல்கிறது. ஸ்கானரில் பி0171 வந்தவுடன் உணரியை மாற்றுவது பல நேரம் வீண் செலவு, ‘கலவை ஐதாக இருக்கிறது’ என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். பி0135 வந்தால் கதை வேறு, உணரியைச் சூடாக்கும் ஹீற்றர் சுற்றில் பழுது. புகையைச் சுத்தமாக்கும் ஊக்கிமாற்றிக்குப் (கற்றலிற்றிக் கொன்வேட்டர்) பின்னால் இருக்கும் இரண்டாவது உணரி ஏறி இறங்காமல் நிற்பதே நல்லது. பல ரொயோட்டாக்களில் முன்னால் இருப்பது வேறு வகை, அதற்கு இந்த வோல்ற் கணக்கு செல்லாது. ஸ்கானரில்தான் பார்க்க வேண்டும்.

மாற்றும்போது குழாய் இளஞ்சூடாக இருந்தால் இலகுவாகக் கழலும். பெரும்பாலானவற்றுக்கு 22 மில்லிமீற்றர் சாவி போதும், வயர் நுழையப் பிளவுள்ள சொக்கற் இருந்தால் இன்னும் வசதி. துரு பிடித்திருந்தால் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்கலாம். புதியதன் புரியில், இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் அன்ரி-சீஸ் பசை பெரும்பாலும் பூசியே வரும். அது நுனியில் படக்கூடாது, பக்கத்தில் சிலிக்கன் பசையும் வேண்டாம். வயர் பிளக்கிற்குக் கிரீஸ் வைக்கும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும்: பல உணரிகள் ஒப்பிட வேண்டிய வெளிக்காற்றை வயருக்குள்ளால்தான் எடுக்கின்றன.

உதிரிப்பாகக் கடையில் “ஒக்சிஜன் சென்சர் ஒன்று” என்று மட்டும் கேட்டால் எது வருமோ தெரியாது. ஊக்கிமாற்றிக்கு முன்னதா பின்னதா என்று சொல்லி, பழையதில் பொறித்திருக்கும் இலக்கத்தையும் காட்டுங்கள்.