எண்ணிக்கை சரி, எதிர்ப்பு சக்தி?

முதல் பிறந்தநாளுக்குள் திரும்பத் திரும்ப நிமோனியா, நிற்காத பேதி, வாய் நிறைய வெள்ளைப் படலம், ஏறாத எடை. ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் (எதிர்ப்பு சக்தி தரும் வெள்ளணு) எண்ணிக்கை மட்டும் இயல்பு. அந்தத் தாளை நம்பிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ‘பேர் லிம்போசைட் சிண்ட்ரோம்’ (bare lymphocyte syndrome) என்ற பரம்பரை நோயாக இருக்கலாம்.

கிருமியை விழுங்கிய டென்ட்ரிட்டிக் செல் (உடலின் காவல் செல்), அதன் புரதத் துண்டை எம்ஹெச்சி இரண்டாம் வகை என்ற தட்டு போன்ற மூலக்கூறில் ஏந்தி, மற்ற செல்களை ஏவும் லிம்போசைட்டான சிடி4 டி-செல்லிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் டி-செல் கிளம்பாது, இன்னொரு வகை லிம்போசைட்டான பி-செல்லும் கிருமியைப் பிடிக்கும் சரியான ஆன்டிபாடி தயாரிக்காது. இந்த மூலக்கூறின் ஜீன்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. அவற்றை இயக்கும் சிஐஐடிஏ புரதத்தின் ஜீனோ 16ஆம் குரோமோசோமில். 1993இல் கண்டறியப்பட்ட இந்தப் புரதம் டிஎன்ஏவை நேராகத் தொடுவதில்லை. ஆர்எஃப்எக்ஸ் முதலிய புரதங்கள் அங்கே போய் உட்கார்ந்த பிறகு அவற்றின்மேல் ஏறிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: சிஐஐடிஏவுக்கே செல்லுக்குச் செல் வேறு சுவிட்ச். டென்ட்ரிட்டிக் செல்லுக்கு ஒன்று, பி-செல்லுக்கு இன்னொன்று. தோல், குடல் போன்ற சாதாரணச் செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற எச்சரிக்கைப் புரதம் வந்து தட்டினால்தான் மூன்றாவதைப் போடும். டென்ட்ரிட்டிக் செல் முதிர்ந்ததும் புதிய உற்பத்தியை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே மேற்பரப்பில் ஏந்தியதையே நெடுநேரம் காட்டிக்கொண்டிருக்கும்.

சிஐஐடிஏ, அல்லது ஆர்எஃப்எக்ஸின் மூன்று புரதங்களில் ஒன்று பழுதானால், எம்ஹெச்சி ஜீன்கள் முழுசாக இருந்தும் பயனில்லை. பாபநாசம் அணை நிரம்பிக் கிடந்தாலும் மடை திறக்காமல் வயலுக்குத் தண்ணீர் வராதே, அப்படி. இதுதான் அந்த ‘பேர் லிம்போசைட் சிண்ட்ரோம்’, அதாவது இந்த மூலக்கூறு இல்லாத வெற்று லிம்போசைட். மிக அரிது, வட ஆப்பிரிக்கக் குடும்பங்களில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது.

நம் பக்கம் ஏன் பேச வேண்டும்? பழுதான ஜீன் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். தாய்மாமனும் அவர் அக்கா மகளும் ஜீன்களில் கால் பங்கைப் பகிர்பவர்கள், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. வள்ளியூர், திசையன்விளைப் பக்கத்து ஆச்சிமார் "உரம் (பிள்ளைக்குச் சுளுக்கு) விழுந்திருக்கு டாக்டரம்மா, மூத்ததும் இப்படி வயித்தால போயித்தான் போச்சு" என்பார்கள். அந்த வாக்கியத்தின் பின்பாதியை நான் கட்டாயம் எழுதி வைத்துக்கொள்வேன். உரம் எடுக்கப் போனதற்காக யாரையும் திட்டுவதில்லை. திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனை, செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி: சிடி4 குறைவா, பி-செல்லின்மேல் ஹெச்எல்ஏ-டிஆர் (எம்ஹெச்சி இரண்டாம் வகையில் ஒன்று) இருக்கிறதா. முந்தைய குழந்தை இப்படி இறந்திருந்தால், அடுத்தது பிறந்தவுடன் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போடும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அது உயிருள்ள கிருமி. ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தம் வேண்டும். தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று. ஆனால் டி-செல்கள் வளரும் தைமஸ் சுரப்பியின் செல்களிலும் இதே பழுது நீடிப்பதால் சிடி4 பலருக்கு முழுதாக ஏறுவதில்லை.

பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தாலும் அதன் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரித்து வைக்கச் சொல்லுங்கள். பழுது எந்த ஜீனில் என்று தெரிந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில், 11 வாரத்துக்குப் பிறகு, நஞ்சுக்கொடித் திசுவில் அதைத் தேட முடியும்.