வினிகர், பாப் ஸ்மியர், ஹெச்.பி.வி.: எந்தச் சோதனையின் 'இல்லை'யை நம்பலாம்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றிய பிறகு, புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் ஆகும். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பே வைரஸைத் துரத்திவிடும். அது தங்கிவிடும் சிலருக்குத்தான் செல்கள் மெல்ல மாறுகின்றன. அப்போது வலியோ ரத்தப்போக்கோ இருக்காது. சோதனை செய்தால்தான் தெரியும்.

எளிய சோதனைக்கு வேண்டியது வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம். கர்ப்பப்பை வாயில் இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் விளிம்பு ஒன்று உண்டு. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். மாறிய செல்லில் உட்கரு பெருத்து, புரதமும் மிகுந்திருக்கும். நீர்த்த அமிலத்தைப் பஞ்சால் தடவினால், எலுமிச்சை பிழிந்த பால் போல அந்தப் புரதம் திரளும். வெளிச்சம் உள்ளே புகாததால் அந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். நர்ஸ் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் போதும், முடிவு தெரிந்துவிடும். தகுந்தவர்களுக்கு அன்றைக்கே அந்த இடத்தை உறைய வைத்து அழித்துவிடலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேரை இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு முறை அழைத்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, அழைக்கப்படாத குழுவைவிட இந்தக் குழுவில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைவு. பலன் அதிகம் தெரிந்தது 30–39 வயதினரிடம். மாதவிடாய் நின்ற பிறகு அந்த விளிம்பு உள்ளே போய்விடும், கண்ணுக்குச் சிக்காது. சாதாரண அழற்சியும் வெள்ளையாகத் தெரியலாம் என்பதால், பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே எல்லாம்.

பாப் ஸ்மியரில் செல்களைச் சுரண்டி எடுத்து, ஸ்லைடில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பணக்கார நாடுகளில் இது ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரு தடவை பார்ப்பதில் நிறையத் தப்பிவிடும், அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். ஸ்லைடு லேபுக்குப் போய், ரிப்போர்ட் வந்து, அப்புறம் அந்தப் பெண்ணும் மறுபடி வர வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இது லேசான காரியமில்லை.

ஹெச்.பி.வி. சோதனை செல்லின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, காரணத்தையே தேடுகிறது. அபாயகரமான வகை வைரஸ்கள் ஈ6, ஈ7 என்ற புரதங்களால், செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் காக்கும் பி53, ஆர்பி புரதங்களை முடக்குகின்றன. அந்த வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று கருவி சொல்லிவிடும். யார் கண்ணையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் (இப்போது தாராசிவ்) நடந்தது. சுமார் 1,31,000 பெண்கள், ஒரே சுற்றுச் சோதனை, 8 ஆண்டுக் கண்காணிப்பு. 2009-இல் முடிவு வந்தது: ஹெச்.பி.வி. குழுவில் இறப்பு ஏறக்குறையப் பாதியானது. பாப் ஸ்மியர், அமிலச் சோதனைக் குழுக்களில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. ஹெச்.பி.வி. இல்லை என்று வந்தவர்களில் ஒருவர்கூட இந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை.

திண்டுக்கல்லில் ஜெயித்த அமிலச் சோதனை அங்கே ஏன் தடுமாறியது? கைக்குக் கை, இடத்துக்கு இடம் மாறும் முறை அது என்பதே என் கணிப்பு. வாழ்நாளில் ஓரிரு முறைதான் சோதனை கிடைக்கும் என்றால் அது ஹெச்.பி.வி. சோதனையாக இருக்க வேண்டும். மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது, கூச்சத்தால் ஒதுங்குகிறவர்களுக்குப் பெரிய வசதி.

2021-இல் உலக சுகாதார நிறுவனமும் ஹெச்.பி.வி. சோதனையையே முதல் தேர்வாகச் சொன்னது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை. சின்ன வயதில் தானாகப் போய்விடும் தொற்றுகளே அதிகம். அப்போது சோதித்தால் வீண் பயமும் தேவையற்ற சிகிச்சையும்தான் மிஞ்சும். 30-க்குப் பிறகும் 'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. செல்கள் மாறியிருக்கின்றனவா என்று அடுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பல இடங்களில் கைகொடுப்பது அதே அசிட்டிக் அமிலம்தான்.