கலயத்திலேயே முடிவாகிற கருப்பட்டி

"ஃபேக்டரி எங்கடா?" என்றான் கூட வந்தவன், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. ராமநாதபுரத்தில் ஆறு பைக்குகளைக் கிளப்பி, கீழக்கரை, ஏர்வாடி தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே சாயல்குடிப் பக்கம் வந்து இறங்கியிருந்தோம். கருப்பட்டி ஆலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் எல்லாரையும் இருட்டிலேயே எழுப்பியது. எதிரில் இருந்ததோ பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையான ஒரு விடிலி, ஒரு மண் அடுப்பு, அகலமான ஒரு தாச்சி, அதாவது காய்ச்சும் பாத்திரம். அவ்வளவுதான்.

ஆலையின் முக்கால் பங்கு தலைக்கு மேலே இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. பனை தன் ஓலைகளில் ஆக்கிய சர்க்கரையைப் பூங்கொத்தான பாளைக்கு அனுப்புகிறது. பனையேறி பாளையின் நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டால், பூவுக்கும் காய்க்கும் போக வேண்டியது கலயத்தில் சொட்டும். சீவிய வாயை மரம் அடைத்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் காலையும் மாலையும் ஏறி, மெல்லிசாக மறுபடி சீவியாக வேண்டும். ஆண் மரமான அலகுப்பனை, பெண் மரமான பருவப்பனை இரண்டுக்கும் இதே பாடுதான்.

சொட்டுகிற சாற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஈஸ்டுக்கு இதைவிட என்ன விருந்து வேண்டும்? பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் அது ஒட்டிக்கிடக்கிறது. சும்மா விட்டால் சில மணி நேரத்தில் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். இதைத் தடுப்பது கலயத்தின் உள்ளே பூசுகிற சுண்ணாம்பு. அது சாற்றைக் காரத்தன்மைப் பக்கம், அதாவது அமிலத்துக்கு எதிர்ப்பக்கம், தள்ளுகிறது. ஈஸ்டுக்கு லேசான புளிப்புதான் பிடிக்கும், காரத்தன்மையில் சுணங்கிப்போகும். கள்ளுக்கும் பதநீருக்கும் நடுவே நிற்பது இந்த ஒரு பூச்சுதான்.

சுண்ணாம்பின் வேலை அதோடு முடியவில்லை. பதநீரில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒன்றும் பிரக்டோஸ் ஒன்றும் கைகோத்த மூலக்கூறு அது. ஈஸ்டின் நொதி அந்தக் கையைப் பிரித்துவிடும். அமிலமும் சூடும் சேர்ந்தாலும் பிரியும். சுக்ரோஸ் மூலக்கூறுகள் செங்கல் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காகச் சேர்ந்துதான் படிகமாகின்றன. பிரிந்துபோன குளுக்கோஸும் பிரக்டோஸும் வேறு அளவுச் செங்கற்கள். இடையில் புகுந்து அடுக்கைக் கெடுக்கும். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா இதையே ஒரு வரியில் சொன்னார்: "புளிச்ச பதநீர எம்புட்டு காய்ச்சுனாலும் கட்டியாகாது தம்பி, களி மாதிரி கெடக்கும்." கருப்பட்டியின் தரம் அடுப்படியில் அல்ல, மரத்து மேலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

மீதிப் பாதி விறகு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் என்று வைத்துக்கொண்டால், ஏழு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு மட்டும் சுமார் 16,000 கிலோஜூல் வெப்பம். ஒரு கிலோ காய்ந்த விறகில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது, ஆனால் திறந்த அடுப்பில் பெரும்பங்கு காற்றோடு போய்விடும். ஆகவே பல கிலோ எரிகிறது. நல்லவேளை, இந்த மாவட்டத்தில் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமில்லை!

கொதி ஏறியதும் நுரை பொங்கியது. அக்கா நுணுக்கிய ஆமணக்கு விதையில் ஒரு சிட்டிகை போட்டார். பொங்கியது அப்படியே அடங்கிப்போனது. மாயமில்லை. நுரைக்குமிழின் சுவர் மெல்லிய நீர்ப்படலம். விதையின் எண்ணெய் அதில் பரவி அதை அறுத்துவிடுகிறது.

நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறும். 100 டிகிரியில் தொடங்கியது, பதம் வரும்போது 115ஐத் தாண்டிவிடும். தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டால் இறக்க வேண்டியதுதான். இறக்கிய பிறகு விடாமல் கிண்டுகிறார்களே, அது ஏன்? கிண்டும்போது ஒரே நேரத்தில் எண்ணற்ற படிகங்கள் முளைக்கின்றன. எல்லாம் பொடிசாகவே நின்றுவிடுவதால் சிரட்டையில் ஊற்றியதும் கட்டி இறுகும். பனங்கற்கண்டுக்கு நேர்எதிர் வழி. சற்று முன்னதாகவே பாகை இறக்கி, நூல் கட்டி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைக்கிறார்கள். முளைப்பவை சில, அவை நிதானமாகப் பெரிதாகும். சரக்கு ஒன்றுதான், ஆட்டினால் கருப்பட்டி, ஆட்டாமல் விட்டால் கற்கண்டு.

அந்தக் கரும்பழுப்பு நிறமும் சுட்ட வாசமும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து விளைவது. காரத்தன்மை அதை இன்னும் விரைவாக்கும்.

ஆளுக்கு ரெண்டு கிலோ வாங்கினோம். அடுப்புக்கு மேலே பரணில் வைக்கச் சொல்லித்தான் ஓலைக்கொட்டானில் கட்டிக் கொடுத்தார் அக்கா. ஃபேக்டரி தேடியவன் அதைப் பிரித்து ஜன்னலோரம் தட்டில் வைத்திருக்கிறான். கடலுக்குப் பக்கத்து வீடு. ஒரு வாரத்தில் போன் வந்தது: "மாப்ள, கருப்பட்டி வேர்த்துக் கொட்டுது, ஏமாத்திட்டாங்களா?"

எவ்வளவு சுண்ணாம்பு பூசினாலும் கொஞ்சம் பிரக்டோஸ் பிரிந்துதான் இருக்கும். உப்புக்காற்றில் இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பரணில் ஏற்றச் சொன்னேன்.