ஃப்ரேம்வொர்க்: கட்டமைப்பா, சட்டகமா?

"நிறுவனக் கட்டமைப்புக் கட்டமைப்பு." அச்சுப்பிழை இல்லை, ஒரு மொழிபெயர்ப்பின் தலைப்பே இதுதான். என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் ஃப்ரேம்வொர்க் (ஒரு நிறுவனத்தின் வேலைகளும் கணினி அமைப்புகளும் எப்படிப் பொருந்துகின்றன என்று விவரிக்க உதவுவது) என்பதைத் தமிழாக்கியவர் ஆர்க்கிடெக்சருக்கும் கட்டமைப்பு என்றார், ஃப்ரேம்வொர்க்குக்கும் அதையே போட்டார். உள்ளே உள்கட்டமைப்பு, தரவுக் கட்டமைப்பு வேறு.

ஃப்ரேம் ஆங்கிலத்தில் தச்சு வேலையோடு வளர்ந்த சொல். ஃப்ரேம்வொர்க் 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. மரக்கூட்டைக் குறித்தது, பிறகு கருத்துகளைத் தாங்கும் கூட்டையும் குறித்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கட்டமைப்பு என்றால் கட்டி முடித்தது. ஃப்ரேம்வொர்க் அப்படியல்ல, நாம் நிரப்புவதற்காகக் காலியாக நிற்பது. இந்தத் துறையின் முன்னோடி ஜான் சாக்மன் 1987-இல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். தகவல் அமைப்பை விவரிக்க எது, எப்படி, எங்கே என்று மூன்று நெடுவரிசைகள். 1992-இல் கணினி அறிவியலாளர் ஜான் சோவாவோடு சேர்ந்து யார், எப்போது, ஏன் என்பவற்றையும் சேர்த்தார். உரிமையாளர், வடிவமைப்பாளர், கட்டுபவர் என ஒவ்வொருவர் பார்வைக்கும் ஒரு கிடைவரிசை. கட்டங்களில் என்ன எழுதுவது என்பது அந்தந்த நிறுவனத்தின் பாடு. நிரப்பி முடித்தால் கிடைக்கும் சித்திரம்தான் கட்டமைப்பு. வெறும் கட்டங்களுக்குப் பெயர் சட்டகம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், படத்தைக் கேட்டவருக்கு வெறும் சட்டத்தை நீட்டியது போலத்தான்.

ஆர்க்கிடெக்சருக்குக் கட்டமைப்பை விட்டுக்கொடுக்கிறேன், சண்டை வேண்டாம். நிறுவனக் கட்டமைப்புச் சட்டகம். இப்போது படிக்க முடிகிறதல்லவா?

இன்னொரு கூத்து, பிபிஎம்என்-ஐயும் கட்டமைப்பு என்கிறார்கள். அது செயல்முறைகளை வட்டம், செவ்வகம், சாய்சதுரம், அம்பு என்று வரைவதற்கான குறியீட்டு முறை. சட்டகம்கூட இல்லை. மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், கனமாக ஒலித்தால் போதும் என்று எடுத்துப் போடுகிறார்கள்.

சட்டகம் என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். படச்சட்டம், சன்னல் சட்டம் என்று சொல்லும்போது யாருக்கும் வக்கீல் நினைவு வருவதில்லை. பழைய அகராதிகளில் சட்டகத்துக்கு வடிவம், உடல் என்ற பொருள்களும் உண்டு. அப்புறம், அந்த 'அகம்' ஒட்டியிருக்கும்போது சட்டத்தோடு எப்படிக் குழம்பும்!